சண்டைப் படங்களில் கன்டினியூட்டி பிழை பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

‘கமாண்டோ’ (1985) படத்தில் மஞ்சள் போர்ஷே கார் ஒன்று இடது பக்கமாகக் கவிழ்ந்து ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேக்கர் அதைக் கையால் தள்ளி நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார். காரில் ஒரு கீறல் இருக்காது. இப்படி ஒரு ஷாட்டில் இருப்பது இன்னொரு ஷாட்டோடு பொருந்தாமல் போவதுதான் கன்டினியூட்டி பிழை, அதாவது தொடர்ச்சிப் பிழை. இதைப் பிடிக்க வழிகாட்டி எதற்கு, கண் இருந்தால் போதும்.

வழிகாட்டி தேவைப்படுவது அடுத்த கட்டத்துக்குத்தான். பார்த்தது உண்மையில் பிழைதானா, பிழை என்றால் எப்படி நுழைந்தது, அதை இன்னொருவர் சரிபார்க்கும்படி எப்படிக் குறித்துவைப்பது? இணையத்தில் சுற்றும் பிழைப் பட்டியல்களில் நிறைய விஷயங்கள் இந்த மூன்று கேள்விகளைத் தாண்டாது. எந்த இரண்டு ஷாட்டுக்கு நடுவே, எந்தப் பொருளில், எந்தக் காரணத்தால் என்று சொல்ல முடிந்தால்தான் அதைக் குறித்துவைப்பதில் பயன் உண்டு.

படி 1: எந்தப் பதிப்பு என்று முதலில் எழுதுங்கள்

ஒரே படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்றில் இருக்கும் பிழை இன்னொன்றில் இருக்காது. ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ (1981) படத்தில் நாயகனுக்கு எதிரே நாகம் படம் எடுத்து நிற்கும் காட்சியில், நடுவே வைத்த பாதுகாப்புக் கண்ணாடியில் பாம்பின் பிம்பம் தெரியும். 2003-ல் வந்த டிவிடியில் அதை டிஜிட்டலாக அழித்துவிட்டார்கள். ‘பிளேடு ரன்னர்’ (1982) படத்தில் கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் பெண், விக் வைத்த டூப் என்பது பளிச்செனத் தெரியும். 2007-ல் வந்த ‘ஃபைனல் கட்’ பதிப்பில் நடிகையின் முகத்தையே ஒட்டிவிட்டார்கள். பழைய கேசட்டில் பார்த்தவரும் புதிய புளூ-ரேயில் பார்த்தவரும் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

பதிப்பு மாறினால் நேரக்குறிப்பும் மாறும். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். நம் ஊர்த் தொலைக்காட்சி ‘பால்’ முறைப்படி 25 ஃபிரேம். 24-ல் எடுத்ததை 25-ல் ஓட்டினால் 120 நிமிடப் படம் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பிரதியில் 96-வது நிமிடத்தில் பார்த்தது, தியேட்டர் வேகத்தில் 100-வது நிமிடம். 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் கணக்கு சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். டிவி ஒளிபரப்பிலும் தணிக்கையிலும் வெட்டிய இடங்களில் ஆள் திடீரென்று இடம் மாறுவான். அதற்கு எடிட்டர் மேல் பழி போடக் கூடாது. அதேபோல, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டிய படத்தை, பழைய கேசட்டுகளில் சதுரத் திரைக்காக அந்த மறைப்பை எடுத்துவிட்டுக் காட்டியிருப்பார்கள். பேச்சைப் பதிவுசெய்ய நீளக் கம்பில் கட்டி மேலே தொங்கவிடும் பூம் மைக் அதில் தெரியும். தியேட்டரில் வந்தவர் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

படி 2: ஒரு காட்சியை நான்கு முறை பாருங்கள்

முழுப் படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கண் கெட்டு, ஆர்வமும் போய்விடும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடும் ஒரே ஒரு சண்டையை எடுங்கள். ஷாட் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வினாடி என்றால் ஐந்து நிமிடத்தில் 100 முதல் 150 ஷாட் வரும். ஒரு மாலைக்கு இதுவே தாராளம்.

முதல் முறை எங்கும் நிறுத்தாமல், சாதாரண வேகத்தில். இடறிய இடங்களை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டு. இசையும் அடிச் சத்தமும் கண்ணை இழுத்துக்கொண்டு போவதுதான் பாதி ஏமாற்று, அது நின்றதும் பின்னணியில் நிற்கிற ஆட்களும் பொருள்களும் தெரிய ஆரம்பிக்கும். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும். குளோக் துப்பாக்கியில் வெளியே சுத்தியல் கிடையாது, ஆனாலும் சுத்தியலை இழுக்கும் ‘க்ளிக்’ படம் படமாகக் கேட்கும். தோல் உறையிலிருந்து உருவும் வாளுக்கு உலோகம் உரசும் சத்தம் வருவதும் அப்படியே.

நான்காவது முறைதான் ஃபிரேம் ஃபிரேமாக. விஎல்சி பிளேயரில் நிறுத்திவிட்டு ஆங்கில ‘இ’ எழுத்து விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். விண்டோஸில் ஷிஃப்ட்டும் ‘எஸ்’ எழுத்தும் சேர்த்து அழுத்தினால் படம் பிடித்துக்கொள்ளும். யூடியூப்பில் நிறுத்தியபின் முற்றுப்புள்ளி விசை முன்னே, கமா விசை பின்னே.

படி 3: எதைப் பார்ப்பது

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் தெரியாது. ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் என்றால் காயம் எந்தப் பக்கம், ரத்தம் எவ்வளவு வழிந்திருக்கிறது, சட்டை எங்கே கிழிந்தது, கை மடிப்பு எத்தனை சுற்று, வாட்ச் எந்தக் கையில், முடி ஈரமா காய்ந்ததா. டூப் நுழையும் ஷாட்டில் முழங்காலும் முழங்கையும் கொஞ்சம் புடைத்திருக்கும், உள்ளே பேட் கட்டியிருப்பார்கள். விழுகிற ஷாட்டில் மட்டும் பேன்ட் ஒரு சைஸ் பெரிதாகத் தெரிந்தால் அதுவும் இந்த வகைதான்.

வண்டி என்றால் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, நம்பர் பிளேட், ஒடுக்கு, சக்கர மூடி. கார் மோதப்போகும் முன்ஷாட்டில் உள்ளே குழாய்க் கம்பிக்கூண்டு தெரிகிறதா பாருங்கள். ஸ்டண்ட் ஆளைக் காப்பாற்றப் பற்றவைத்தது அது. கார் எகிறிப் பறக்கும் இடத்தில், பக்கத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னால் சாய்வுப் பலகை ஒளிந்திருக்கும். கார் இன்னும் சறுக்கவே இல்லை, ஆனால் ரோட்டில் ஏற்கெனவே கறுப்பாக டயர் தடம் இருக்கிறதா? அது முந்தைய டேக், அதாவது அதே ஷாட்டை முன்பு ஒருமுறை எடுத்தபோது விழுந்த தடம். எங்களைக் கேட்டால் பிழைகளிலேயே அழகானது இதுதான், படப்பிடிப்புக் குழு விட்டுப்போன கையெழுத்து போல.

துப்பாக்கிக்குக் கணக்கு வேண்டும். சுழல் துப்பாக்கியில் பெரும்பாலும் 6 குண்டு. பழைய கோல்ட் 1911-க்கு மேகசினில், அதாவது குண்டுகளை அடுக்கும் பெட்டியில், 7. ‘டை ஹார்ட்’ (1988) நாயகன் வைத்திருக்கும் பெரெட்டா 92-க்கு 15, சுடத் தயாராகக் குழலில் ஏற்றிய ஒன்றையும் சேர்த்தால் 16. குளோக் 17-க்கு 17. ஏகே-47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு சுடும், மேகசினில் 30. விடாமல் அழுத்தினால் மூன்று வினாடியில் காலி. திரையில் எட்டு வினாடி இடைவிடாமல் வெடித்தால் பிழை. ஆனால் கேமரா வேறு ஆளிடம் போய்த் திரும்பினால், அந்த நேரத்தில் மேகசின் மாற்றியிருக்க வழி உண்டு. கேமரா அந்த ஆளைவிட்டு விலகாத நேரத்தில் வெடித்த குண்டுகளை மட்டும் எண்ணுங்கள்.

கடைசியாகப் பின்னணி. ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்தில் ரஷ்மோர் மலை உணவகத்தில் துப்பாக்கி வெடிக்கும். வெடிப்பதற்கு முன்பே பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவன் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். அவனும் என்ன செய்வான், ஒத்திகையில் எத்தனை முறை கேட்டானோ.

படி 4: ஷாட்களைக் கேமராக் கோணப்படி அடுக்குங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. காரணம் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

சண்டைக் காட்சியைத் திரையில் வரும் வரிசையில் எடுப்பதில்லை. ஒரு கோணத்தில் கேமராவை வைத்து, லைட் போட்டு, அந்தக் கோணத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த கோணத்துக்குப் போவார்கள். நாயகன் முகத்தைக் காட்டும் க்ளோசப்கள் ஒரு காலை, வில்லன் முகம் மாலை, அகல ஷாட்கள் டூப்போடு இன்னொரு நாள், கை காலை மட்டும் காட்டும் இன்சர்ட் மாதம் கழித்து இன்னொரு ஊரில்கூட இருக்கலாம். எடிட்டர் இவற்றைச் சீட்டுக்கட்டு போல் கலைத்து அடுக்குகிறார்.

அதனால் ஒரு தாளில் அல்லது எக்செலில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஷாட் எண், நேரம், கோணம், கவனிக்கும் பொருளின் நிலை, குறிப்பு. கோணத்துக்கு அ, ஆ, இ என்று பெயர் வையுங்கள். பின்னணியும் லென்ஸும் ஒத்திருக்கும் ஷாட்கள் எல்லாம் ஒரே எழுத்து. முடித்ததும் நேரப்படி படிக்காமல் கோணப்படி பிரித்துப் படியுங்கள்.

நேரப்படி பார்க்கும்போது புருவக் காயம் வருவதும் போவதுமாகப் பைத்தியம் பிடித்தது போல இருக்கும். கோணப்படி பிரித்ததும், அ கோணத்து ஷாட்கள் எல்லாவற்றிலும் காயம் இருக்கும், ஆ கோணத்தில் ஒன்றில்கூட இருக்காது. அப்படியானால் இது பத்துப் பிழை அல்ல, ஒரே பிழை. ஆ கோணத்தை எடுத்தபோது மேக்கப் இல்லை. ஒரே கோணத்துக்குள்ளேயே நிலை மாறினால் அது வேறு சங்கதி: டேக்குக்கு டேக் நடிகர் மாற்றிச் செய்திருக்கிறார், அல்லது நடுவே சாப்பாட்டு இடைவேளை விட்டிருக்கிறார்கள். நிழலைப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும்போது ஒருவர் நிழல் காலடியிலும் மற்றவர் நிழல் ஆள் நீளத்துக்கும் விழுந்தால், நடுவே சுமார் மூன்று மணி நேரம் போயிருக்கிறது.

திருப்பிப் போட்ட ஷாட்டைப் பிடிக்கவும் இந்த அட்டவணைதான் உதவும். பார்வைத் திசை ஒத்துவராதபோது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். வகிடு மாறும், வாட்ச் கை மாறும், ஆண் சட்டையின் பை இடமிருந்து வலத்துக்குப் போகும். சுவரில் எழுத்து இருந்தால் இடவலம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: காரணத்துக்குப் பெயர் வையுங்கள்

‘புல்லிட்’ (1968) சான் பிரான்சிஸ்கோ துரத்தல் இதற்கு நல்ல பயிற்சிக் களம். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைக் கார்கள் திரும்பத் திரும்பத் தாண்டும். ஒரே இறக்கத்தைப் பல கேமராக்களில் எடுத்து, அவற்றை அடுத்தடுத்த தருணங்கள் போல் ஒட்டியதால் வந்தது. துரத்தப்படும் டாட்ஜ் சார்ஜர், தன்னிடம் இருக்கும் நான்கு சக்கரத்துக்கு மேல் சக்கர மூடிகளை உதிர்க்கும். நாயகன் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டும் ஷாட்களில், பின்னால் வருவதைக் காட்டும் உள் கண்ணாடி இறங்கி அவர் முகம் தெரியும், ஸ்டண்ட் ஆள் ஓட்டும்போது கண்ணாடி மேலே ஏறியிருக்கும். இவ்வளவு பிழையோடும் எடிட்டிங்குக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான் போனது.

அதில் வியப்பில்லை. எந்த ஷாட்டை வைப்பது என்று முடிவெடுக்கும்போது உணர்ச்சிக்கு 51 சதவீத மதிப்பு, இடத்தில் பொருள்கள் சரியாக ஒட்டுவதற்கு வெறும் 4 சதவீதம் என்று வரிசைப்படுத்தியவர் எடிட்டர் வால்டர் மர்ச். மூடி எத்தனை உதிர்ந்தது என்று எடிட்டருக்குத் தெரியாது என நினைக்காதீர்கள். தெரிந்தே விட்டவை நிறைய.

சில பிழைகளுக்குக் கதையின் முடிவே காரணம். ‘டை ஹார்ட்’டில் கொள்ளையர்கள் லாரியிலிருந்து இறங்கும்போது உள்ளே ஆம்புலன்ஸுக்கு இடமே இருக்காது, கடைசியில் அதே லாரியிலிருந்து ஆம்புலன்ஸ் வரும். லாரி ஷாட்டை எடுத்த சமயத்தில் தப்பிக்கும் திட்டம் எழுதி முடிக்கப்படவில்லை. அதன் இரண்டாம் பாகத்தில் (1990) வாஷிங்டன் விமான நிலையத்துத் தொலைபேசியில் ‘பசிஃபிக் பெல்’ என்று எழுதியிருக்கும். அது கலிஃபோர்னியாக் கம்பெனி. இது கன்டினியூட்டி அல்ல, இடப்பிழை. கலந்து எழுதாதீர்கள்.

ஆளுக்கு நேர்வதும் உண்டு. 1986-ல் யூகோஸ்லாவியாவில் ‘ஆர்மர் ஆஃப் காட்’ எடுத்தபோது ஜாக்கி சான் மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்து, படப்பிடிப்பு நின்றது. படத்தில் அவர் முடி ஒரு பகுதியில் குட்டையாகவும் மற்றதில் நீளமாகவும் இருப்பது அதனால்தான். ‘ஜஸ்டிஸ் லீக்’ (2017) மறுபடப்பிடிப்பின்போது ஹென்றி கேவில் இன்னொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார், மழிக்க முடியாது. கணினியில் அழித்த மேலுதடு எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிழையைச் சரிசெய்யப் போய்ப் பெரிதாக்கிய கதையும் இருக்கிறது. ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ (1971) படத்தில் மஸ்டாங் கார் ஒரு சந்துக்குள் வலது சக்கரங்களில் சாய்ந்து நுழைந்து, இடது சக்கரங்களில் சாய்ந்து வெளியே வரும். நுழைவது ஸ்டூடியோவில், வெளிவருவது லாஸ் வேகஸில் எடுத்தது. நடுவே கார் மறுபக்கம் சாய்வதுபோல் ஒரு இன்சர்ட் போட்டார்கள். அகலமே இல்லாத சந்தில் அது எப்படி நடக்கும்? கவனிக்காமல் போயிருக்கக்கூடியவர்களையும் அது கூப்பிட்டுக் காட்டியது.

படி 6: இது பிழை அல்ல என்று நிரூபிக்க முயலுங்கள்

குத்து விழும் இடத்தில் கை இரண்டு மூன்று ஃபிரேம் பின்னே போய் மறுபடி வருகிறதா? கட் விழுந்ததும் கண் புதிய ஷாட்டைப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்காகவே எடிட்டர்கள் அசைவைக் கொஞ்சம் திரும்பக் காட்டுவார்கள். ‘போலீஸ் ஸ்டோரி’ (1985) படத்தில் ஜாக்கி சான் பேரங்காடிக் கம்பத்தில் சறுக்குவது மூன்று கோணத்தில் மூன்று முறை வரும். உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை ஒரு முறை காட்டி முடித்துவிட மனம் வராது அல்லவா. நம் படங்களில் நாயகன் அடித்த ஆள் மூன்று முறை பறப்பதும் இந்த வம்சம்தான்.

நேரக் கணக்கிலும் இதே எச்சரிக்கை. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் 6’ (2013) படத்தில் விமானத்தைக் கார்கள் துரத்தும் ஓடுபாதைக் காட்சி சுமார் 13 நிமிடம். மணிக்கு 160 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 34 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை வேண்டும். உலகின் மிக நீளமான கான்கிரீட் ஓடுபாதைகளே ஐந்தரை கிலோமீட்டரைத் தாண்டாது. ஆனால் பல கார்களில் ஒரே நேரத்தில் நடப்பதை அடுத்தடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் நேரத்தைக் கழித்த பிறகும் பாதை போதாது என்று காட்டினால்தான் உங்கள் வாதம் நிற்கும். மாறாக ‘தி டார்க் நைட் ரைசஸ்’ (2012) பங்குச்சந்தைக் கொள்ளை தப்பவே முடியாது. வெயில் நேரத்தில் உள்ளே, வேலை முடிய எட்டு நிமிடம் என்று பேசிவிட்டுக் கிளம்புகிறார்கள், துரத்தல் நடுவே நடு இரவு ஆகிவிடுகிறது. கதையே நேரத்தைச் சொல்லிவிட்டது, தப்பிக்க இடமில்லை.

ஈரமான ரோடும் பலரை ஏமாற்றும். இரவுக் காட்சிகளில் வெளிச்சம் பளபளக்கத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், மழை தேவையில்லை. அடுத்த ஷாட்டில் அதே இடம் காய்ந்திருந்தால் மட்டும் குறியுங்கள்.

படி 7: துணுக்குத் தகவலைச் சோதிப்பது

பிழைகளோடு ஒட்டிக்கொண்டு வருபவை ‘உங்களுக்குத் தெரியுமா’ துணுக்குகள். இவற்றில் பொய் அதிகம், ரத்தம் சிந்தும் கதை என்றால் இன்னும் அதிகம். ‘பென்-ஹர்’ (1959) தேர்ப்பந்தயத்தில் ஸ்டண்ட் ஆள் இறந்தார், அந்த ஷாட் படத்திலேயே இருக்கிறது என்பது உலகம் சுற்றிய கதை. உண்மையில் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்ட ஜோ கனட் தேரின் முன்பக்கமாகத் தூக்கி வீசப்பட்டார். தாடையில் வெட்டுக்காயம், அவ்வளவுதான். அந்த ஷாட் நன்றாக இருந்ததால், ஹெஸ்டன் தேருக்குள் ஏறி வருவதைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள்.

துணுக்கு உண்மையா என்று பார்க்க மூன்று கேள்வி. செய்தவர் வாயால் சொன்னதா? வெளியே பதிவு இருக்கிறதா? ஷாட் அதோடு ஒத்துப்போகிறதா? ‘மிஷன்: இம்பாசிபிள் – ஃபால்அவுட்’ (2018) மூன்றிலும் தேறும். 2017 ஆகஸ்டில் லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவியபோது டாம் குரூஸ் கணுக்கால் உடைந்தது. செய்தி அப்போதே வந்தது, சுவரில் மோதி நொண்டியபடி போகும் அதே டேக் படத்தில் இருக்கிறது. ‘கேசினோ ராயல்’ (2006) ஆஸ்டன் மார்ட்டின் ஏழு முறை உருண்டது கின்னஸ் பதிவு. தாழ்வான கார் என்பதால் சாய்வுப் பலகையில் ஏற்றியும் உருள மறுத்தது. கடைசியில் நைட்ரஜன் வாயுவால் இயங்கும் பீரங்கியை உள்ளே பொருத்திக் கவிழ்த்தார்கள்.

‘ஸ்பீட்’ (1994) படத்தில் பாலத்து இடைவெளியை பஸ் நிஜமாகவே தாவியது என்ற துணுக்கில் பாதிதான் சரி. பஸ் நிஜமாகவே பறந்தது, சாய்வுப் பலகையின் உதவியோடு. பாலத்தில் இருந்த இடைவெளிதான் பொய். ரோடு முழுசாக இருந்தது, கணினியில் வெட்டினார்கள். பாலம் மட்டமாக இருக்கும்போது பஸ்ஸின் மூக்கு மட்டும் ஏன் மேலே தூக்குகிறது என்ற கேள்விக்கும் பதில் அந்தப் பலகைதான்.

படி 8: குறிப்பை எழுதும் விதம்

ஒரு பிழைக்கு ஐந்து வரி போதும். மாதிரி இதோ:

படம், ஆண்டு, பதிப்பு: கமாண்டோ, 1985, எந்த வட்டு அல்லது தளம், மொத்த ஓட்டம்.
முதல் ஷாட்: கார் இடது பக்கமாகக் கவிழ்ந்து சறுக்குகிறது, கதவும் முன்பக்கமும் நசுங்குகின்றன. மணி, நிமிடம், வினாடி.
இரண்டாம் ஷாட்: நிமிர்த்திய கார் கிளம்புகிறது, இடது பக்கம் சேதமில்லை. நேரம்.
நடுவே சரிசெய்ய வாய்ப்பு: இல்லை, கதையில் சில நிமிடங்களே கழிகின்றன.
ஊகிக்கும் காரணம்: கவிழ்த்த காரும் ஓட்டிச்செல்லும் காரும் வேறு. ஊகம் என்றே எழுதவும்.

இரண்டு ஷாட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் வையுங்கள், வட்டம் போட்டு அம்புக்குறி இடுங்கள். ஒரு ஷாட் மட்டும் இருந்தால் அது கன்டினியூட்டி பிழையே அல்ல. ‘கிளாடியேட்டர்’ (2000) படத்தில் கவிழ்ந்த தேருக்குள் தெரியும் கேஸ் சிலிண்டர் போல, படப்பிடிப்புப் பொருள் திரையில் தெரிவது தனி வகை. அதற்கு முதல் ஷாட், இரண்டாம் ஷாட் வரிகளை விட்டுவிட்டு, ஃபிரேமில் எந்த மூலையில் என்று எழுதுங்கள்.